பதினொன்றே முக்கால் மயக்கம்

“உண்மையைச் சொல்லும்மா, நிஜமாவே மயக்கமா?”

“ஆமா நர்ஸம்மா. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அப்புறம் என்ன நடந்துச்சுன்னே தெரியல.”

கண்ணை இறுக மூடிக்கொண்டே பதில் சொன்னாள் படுத்திருந்த பெண். நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். கடிகாரம் தோற்றுப்போகும், அவ்வளவு ஒழுங்கு. பக்கத்தில் தக்காளிக் கூடை அலுங்காமல் நின்றது. ஒரு பழம்கூடச் சிதறவில்லை.

தோட்டத்தில் இருந்ததே ஒரு மரம்தான். அதன் அடியில் மற்ற முப்பது பேரும் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். யாராவது மயங்கி விழுந்தால் மேஸ்திரி விசில் ஊத வேண்டும். நர்ஸ் சோதித்து முடிக்கும் வரை அத்தனை பேரும் நிழலில் உட்கார வேண்டும். போன வருடம் வந்த விதி அது.

“நாடகக் கம்பெனி நடத்துறாங்க!” என்று வரப்பில் நின்று கத்தினார் மேஸ்திரி. “நீங்க அவசரப்படாதீங்க நர்ஸம்மா. அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்ல, நல்லா சோதிச்சுப் பாருங்க. இவங்களை லேசுல விடக்கூடாது!”

நர்ஸுக்கு மண்டை குடைந்தது. பன்னிரண்டு வேலை நாளில் பன்னிரண்டு மயக்கம். எல்லாமே பதினொன்றே முக்காலுக்கு. விழுந்தவர் ஒருவர்கூட இரண்டாம் தடவை விழவில்லை. இதென்ன நோய், ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டு வருகிறது?

முதலாளி காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார். “வெயிலா, நடிப்பா? சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுங்க. நடிப்புன்னா விழுந்த அத்தனை பேருக்கும் இன்னியோட வேலை இல்ல.” வெயில் என்று அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவரால் தட்ட முடியாது; இன்ஷூரன்ஸ்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். அதனால்தான் இன்று அவள் முன்கூட்டியே வந்து, பம்ப்செட் ரூம் ஓரமாக ஒளிந்து நின்று நடப்பதையெல்லாம் பார்த்திருந்தாள்.

மரத்தடிக்குப் போனாள். நிறைவயிற்றோடு ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“ஏழு மாசம். கால் வேற வீங்கியிருக்கு. நியாயமாப் பார்த்தா நீதான் முதல்ல விழுந்திருக்கணும். நீ எப்படி விழாம இருக்கே?”

“எனக்கு வெள்ளிக்கிழமைதான் நர்ஸம்மா…”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமை என்ன?”

“அவளை விடுங்க” என்று குறுக்கே வந்தாள், அகலத் தொப்பி போட்டிருந்த ஒருத்தி. கூட்டத்திலேயே வாய் உள்ளவள் அவள்தான். “குட்டுதான் உடைஞ்சு போச்சே, இனிமே என்ன மறைக்கிறது? ஆமா, முறை வச்சுத்தான் விழறோம். வெள்ளிக்கிழமை இவ முறை. பிள்ளைத்தாச்சி பாருங்க, அதனால இவளுக்கு மட்டும் உட்கார்ந்தபடியே மயக்கம்னு ஏற்பாடு.”

நர்ஸுக்குச் சிரிப்பு முட்டியது. முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

“இது ஏமாத்து வேலை இல்லையா?”

“போன வருஷம் இதே வரிசையில ஒருத்தி நிஜமாவே விழுந்தா. நடிக்கிறான்னு விட்டுட்டாங்க. அவ எழுந்திருக்கவே இல்ல. அவ போன பிறகுதான் இந்த விதி வந்துச்சு. யாராவது விழுந்தாத்தான் எல்லாருக்கும் நிழல்னா, இன்னொருத்தி நிஜமா விழற வரைக்கும் நாங்க காத்துக்கிட்டு இருக்கணுமா? சொல்லுங்க.”

நர்ஸ் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“இந்த முறையெல்லாம் யாரு போட்டுக் குடுக்கறது?”

“அதை மட்டும் கேக்காதீங்க. வேணும்னா எங்க பேரை எழுதிக்குங்க. வேலை போனாலும் போகட்டும், அந்தப் பேரு எங்க வாயிலேர்ந்து வராது.”

முப்பது தலைகளும் ஆமாம் என்று ஆடின.

சாயங்காலம் தன் அறையில் நர்ஸ் எழுதி முடித்து நிமிர்ந்தபோது மேஸ்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன எழுதினீங்க?” குரலில் காலையில் இருந்த அதட்டல் இல்லை.

அவள் காகிதத்தை நீட்டினாள். ‘தோட்டத்தில் வெயில் நாற்பத்து மூன்று டிகிரி. இதில் யாரும் மயங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தினமும் இரண்டு வேளை, அரை மணி நேரம், அனைவருக்கும் நிழலும் தண்ணீரும் கட்டாயம் தேவை. ஒருவர் விழும் வரை காத்திருக்கக் கூடாது.’

மேஸ்திரி இரண்டு தடவை படித்தார். பிறகு மெதுவாகக் காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

“கையெழுத்தும் போட்டுட்டேன்” என்றாள் நர்ஸ். “எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் மேஸ்திரி. ஆள் விழுந்த பிறகுதானே விசில் ஊதணும்? இன்னிக்கு நான் பம்ப்செட் ஓரமா நின்னு பார்த்தேன். நீங்க விசில் ஊதினீங்க. அப்புறம்தான் அவ கூடையை இறக்கி வச்சா, கல்லு முள்ளு இல்லாத இடமாப் பார்த்தா, விழுந்தா.”

மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்து வைத்தார். முப்பத்தொரு பெயர்கள், எதிரே தேதிகள். வருகைப் பதிவேட்டில் அவள் தினமும் பார்க்கிற அதே குண்டு குண்டான எழுத்து.

கழுத்தில் தொங்கிய விசிலைக் கையில் பிடித்தபடி, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“போன வருஷம் அவ விழுந்தப்பவும் இது என் கழுத்துலதான் கிடந்துச்சு. ஊதாம, ‘நடிக்காதே, எழுந்திரு’ன்னு சொல்லிக்கிட்டு நின்னேன் நர்ஸம்மா… என் பொண்டாட்டிகிட்ட.”