ஓடைக்கு அந்தப் பக்கம்

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். ஊர்க்கூட்டத்தில் தீயணைப்பு வரியைக் குறைக்கச் சொல்லி எல்லோரும் கத்தி ஓய்ந்ததும், ஆல்மா எழுந்தார்.

“என்னையும் வரியில சேர்த்துக்க, கர்டிஸ்.”

கூட்டமே சிரித்தது.

“வரி போடுங்கன்னு கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதாம்மா!” என்றார் தீயணைப்புத் தலைவர் கர்டிஸ். “ஓடைக்கு அந்தப் பக்கம் நம்ம எல்லையிலயே இல்லையே? அங்க வரியும் கிடையாது, நம்ம வண்டியும் வராது.”

“சிரிக்காதடா. என் வீட்டுக்காரர் வெர்னன் ஞாயித்துக்கிழமையெல்லாம் பேன்கேக் சுட்டு வித்த காசுலதானே உங்க முதல் வண்டியே வந்துச்சு? சட்டையெல்லாம் பாகு ஒழுகத் தின்னவன்தானே நீ?”

கர்டிஸின் முகம் கனிந்தது. “மறப்பேனா? அந்த வண்டியை ஓட்டினதும் அவர்தானே.” சற்றுத் தயங்கினார். “ஆனா... உங்க வீடுதான் போன கோடையிலயே எரிஞ்சுபோச்சே. வெறும் நிலத்துக்கு எதுக்கும்மா வரி?”

“எல்லையை ஒட்டின நிலத்தைத்தானே சேர்ப்பீங்க? என்னுது சேர்ந்தாத்தான் அதுக்குப் பின்னால புதுசா வந்திருக்கிற குடும்பமும் சேர முடியும். அங்க ஒரு கைக்குழந்தை இருக்கு.”

கர்டிஸ் எல்லை வரைபடத்தை எடுத்து விரித்தார்.

“எல்லை பார்க்காம வண்டியை எடுக்க, இப்ப வெர்னன் இல்லையேடா.”