ஊறவைத்த பிஸ்கட்

"இவரை நீங்களே கேளுங்க டாக்டர். நான் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டேன்."

இதய டாக்டரின் அறையில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டாள். நேராக வேலையிலிருந்து வந்திருந்தாள். பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். காலையிலிருந்து நின்ற கால் வீங்கிக் கிடந்தது.

"ஸ்டென்ட் வெச்சு ஆறு மாசம் ஆச்சு. காய், பழம், பருப்புன்னு நீங்க எழுதிக் கொடுத்தபடி எல்லாம் செஞ்சு வெச்சுட்டுத்தான் வேலைக்குக் கிளம்புறேன். இவர் தொடறதே இல்லை. பிஸ்கட்டை டீயில ஊறவெச்சு முழுங்குறார். கேட்டா முகத்தைத் திருப்பிக்கிறார். மூணு மாசமா முகங்கொடுத்து ஒரு வார்த்தை கிடையாது."

அவள் கணவர் தையல்காரர். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதில் இத்தனை வீம்பு ஆகாது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"கொழுப்பு குறைஞ்சிருக்கு, சரி. ஆனா அழற்சி ஏறியிருக்கே. இப்படியே விட்டா இதயத்துல இன்னொரு ரத்தக்குழாயும் அடைச்சுக்கும்."

"அழற்சின்னா?"

"உடம்புல எங்கேயோ ஒரு புண் ஆறாம கிடக்குதுன்னு வெச்சுக்குங்க. அதோட பாதிப்பு ரத்தத்துல ஓடி, குழாயோட சுவரையும் கெடுக்கும். இனிப்பு, மைதா எல்லாம் அதை இன்னும் கிளறிவிடும்."

"அப்ப பிஸ்கட்தான்! நான் சொல்லலே?"

"பிஸ்கட் மட்டும் இவ்வளவு ஏத்தாதும்மா. எங்கேயோ கிருமி இருக்கு." டாக்டர் டார்ச்சை எடுத்தார். "ஐயா, வாயைத் திறங்க."

அவர் திறக்கவில்லை. டாக்டர் அதட்டியதும், மனைவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து திறந்தார்.

அவள் எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். பழகிய கண். ஒரு பார்வை போதும். ஈறு முழுக்கச் சீழ். கடைவாயில் மூன்று பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. இதை வைத்துக்கொண்டு கேரட்டை எங்கே கடிப்பது?

கோபம் அழுகையாக வந்தது அவளுக்கு.

"எத்தனை மாசமாங்க இது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருப்பேனே! ஏன் சொல்லலை?"

அவர் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையால் வாயை மூடியபடியே சொன்னார்.

"நாள் பூரா ஊரார் வாயைப் பார்த்துட்டு, கால் வீங்கி வர்றே. வீட்டுக்கு வந்தும் ஒரு நாத்த வாயைப் பாருன்னு எப்படிம்மா சொல்றது?"