ஆணியைத் துப்பும் சுவர்

கட்டடக் கலைஞர் ஞானசிகாமணி தன் பெயர் நானூறு வருடம் நிற்க வேண்டுமென்று கட்டிய குடியிருப்பு அது. அங்கே ஒரு காலண்டர்கூட மாட்ட முடியாது. ஆணி அடித்தால் சுவர் அதைத் துப்பிவிட்டு ஓட்டையைத் தானே மூடிக்கொள்ளும். கூடவே அவருடைய குரலில் கண்டிக்கும். குடியிருப்பவர்கள் அவருக்குத் தன் சுவரில் ஒட்டிய பல்லிகள்.

அந்த ஆணிகளை முப்பது வருடமாகப் பொறுக்குகிறவள் பராமரிப்பு வேலை பார்க்கும் பூங்காவனம். இன்று அவளைக் கூப்பிட்டவர் அங்கேயே ஒரு வீட்டில் குடியிருக்கும் ஞானசிகாமணியேதான். மனுஷர் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் திருகாணி வைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார். பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டுமாம்.

அவள் பொருத்தினாள். நான்கு திருகாணிகளும் அவர் காலடியில் வந்து விழுந்தன.

“கலையைச் சிதைக்காதீர்கள்” என்றது சுவர், அவருடைய பழைய கம்பீரக் குரலில்.

“உன்னைக் கட்டினதே நான்தான்! நான் சொல்றேன், விடு!” என்று கத்தினார்.

“கலையைச் சிதைக்காதீர்கள்.”

அவர் குரல் இறங்கியது. “வேற வழியே இல்லியாம்மா?”

“இருக்கு சார். பக்கெட்டக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்து குளிங்க. இங்க இருக்கிற வயசானவங்க எல்லாரும் முப்பது வருஷமா அப்படித்தான் குளிக்கிறாங்க.”