தூக்கக் கூடாத கை

“ஏங்க, கை. கையைக் கீழ போடுங்க.”

சுவரோர ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவி பதறி எழுந்தேவிட்டாள். பயிற்சிக் கட்டிலில் மல்லாந்திருந்த பெயின்டர், தலைக்கு மேலே போகப் பார்த்த இடது கையைச் சட்டென்று இறக்கி விலாவோடு சேர்த்துக்கொண்டார்.

“தலகாணி நழுவுதேன்னு இழுக்கப் போனேன். ஞாபகம் இல்ல.”

“நெஞ்சுக்குள்ள மெஷின் இருக்குன்னு மூணு வருஷமா தினம் பத்து தடவ கத்தறேன். ஒயரு அறுந்துச்சுன்னா யாரு பொறுப்பு?”

பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த பிசியோ பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாலு வருஷத்தில் எத்தனையோ ஜோடிகளைப் பார்த்துவிட்டாள். புருஷனை இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்கிற மனைவியைப் பார்த்ததே இல்லை. அவளுடைய அம்மாவெல்லாம் அப்பாவுக்கு ஒரு காய்ச்சல் மாத்திரை எடுத்துக் கொடுப்பதற்குள் அரை மணி நேரம் முணுமுணுப்பாள்.

முதுகு வலி என்று வந்தவர் அவர். “கரன்ட் வைக்கிற மெஷின் எதுவும் வெச்சிடாதீங்கம்மா, பேஸ்மேக்கர் இருக்கு” என்று முதல் நாளே சொன்னதும் அந்த மனைவிதான். அதனால் வெறும் நீட்சிப் பயிற்சியோடு நிறுத்தியிருந்தாள். ஒரு முழங்காலை மடக்கி மெதுவாக நெஞ்சுப் பக்கம் இழுக்க வேண்டும், இருபது எண்ண வேண்டும், தலை சுற்றினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அவர் வலது கையால் மட்டுமே இழுத்தார்.

“மூச்சை அடக்காதீங்க ஐயா. என்கூடப் பேசிக்கிட்டே செய்ங்க.”

“என்னத்தப் பேசறது? சீலிங்குக்குப் பெயின்ட் அடிக்கிறதுல என்னை மிஞ்ச ஆளில்லம்மா. நான் இடது கைக்காரன். அவசரத்துல மெஷினையும் அந்தப் பக்கமே வெச்சுட்டாங்க. இப்ப ஒரு குடோன் வாசல்ல உட்கார்ந்து லாரி நம்பர் எழுதறேன். அதுவும் வலது கையால, கோழி கிளறின மாதிரி. முதுகு நிமிர்ந்து மட்டும் என்ன ஆகப்போகுது?”

சொன்னதில் அழுகைகூட இல்லை. அதெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. பிசியோ பெண்ணுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அவரை எழுப்பி உட்காரவைத்துப் பின்னால் நின்று பார்த்தாள். இடது தோள் தொங்கி, முதுகு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. மூன்று வருஷம் ஒரு கையைக் கட்டிப்போட்ட மாதிரி வைத்திருந்தால் எந்த முதுகுதான் வலிக்காது?

“அக்கா, கையைப் பத்தி ஆஸ்பத்திரியில ஏதாவது எழுதிக் கொடுத்தாங்களா?”

“என்னம்மா? வலது காது எனக்கு மந்தம். இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க.”

அவள் சுற்றிவந்து மறுபடி கேட்டாள்.

“வீடு மாறினப்ப அந்தத் தாள் எங்கயோ போயிடுச்சு. இவருக்கு அப்ப மயக்கம் தெளியல, என்கிட்டதான் சொன்னாங்க. ஆயுசுக்கும் அந்தக் கையைத் தோளுக்கு மேல தூக்கவே கூடாதாம்.”

ஆயுசுக்குமா? பிசியோ பெண்ணுக்கு அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. மனைவி கீழே மருந்துக் கடைக்குப் போன கையோடு, மெஷின் வைத்த இதய டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் பழைய விவரத்தையெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஆறு வாரம்மா. ஒயர் உள்ள நல்லாப் பிடிக்கிற வரைக்கும்தான். இப்ப தாராளமா தூக்கலாம், மெதுவாப் பழக்குங்க. செக்கப்புக்கு வந்தா மெஷினைத்தான் பாக்கறோம், கையைப் பத்தி யாரு கேட்டா?”

அவள் ஓட்டமாக உள்ளே போனாள். “ஐயா, ஆறு வாரம்தானாம். வீட்டுல தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. கையை என்கிட்ட கொடுங்க.”

அவர் நம்பாமல் பார்த்தார். அவள் முழங்கைக்கு அடியில் தாங்கிப் பிடித்து, துளித்துளியாக உயர்த்தினாள். இறுகிக் கிடந்த தோள் முரண்டு பிடித்தது. கை நடுங்கிக்கொண்டே நெற்றி உயரத்துக்கு வந்து நின்றது.

“இன்னும் கொஞ்ச மாசத்துல சீலிங்கைத் தொட்டுடலாம்.”

அவர் அந்த விரல்களை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்தார். கண் சிவந்துவிட்டது.

“மூணு வருஷம்,” என்றார். “என் மூணு வருஷம் போச்சு. அவ வரட்டும்.”

பாவம், மனைவியிடம் காட்ட எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டாள் பிசியோ பெண். நல்ல சேதியை நாமே முதலில் சொல்லலாம் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். மனைவி மாத்திரைக் கவரோடு மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, ஒரு நல்ல சேதி. அவர் கையைத் தூக்கலாமாம். டாக்டர் சொன்னது ஆறு வாரம்தானாம்.”

“தெரியும்மா.”

பிசியோ பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. “தெரியுமா? அப்ப ஏங்க்கா...”

மனைவி சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். “அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேனே.”

அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“மூணு வருஷமாத்தாம்மா நான் அடி வாங்காம இருந்தேன்.”