என் காலத்துக்குப் பிறகு பிரிக்கவும்

ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரான தாத்தா, ஒரு கவரை ஒட்டி அலமாரியில் வைத்தார். மேலே எழுதியிருந்தார்: 'பேரப்பிள்ளைகளுக்கு என் வாழ்க்கைப் பாடம். என் காலத்துக்குப் பிறகு பிரிக்கவும்.'

அண்ணனும் தங்கையும் ஒரு வாரம் பொறுத்தார்கள்.

"பாடம்னு சும்மா போட்டிருக்காரு. உள்ளே வீடு யாருக்குன்னு இருக்கும்," என்றான் அண்ணன்.

பக்கத்து அறையில் தாத்தா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"தப்புண்ணா. அடுத்தவங்க கவரைத் தொடக்கூடாதுன்னு அப்பா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு."

"ஆவியில காட்டிப் பிரிச்சா யாருக்கும் தெரியாதுடி."

கெட்டில் கொதித்தது. கவர் சமர்த்தாக வாயைத் திறந்தது. உள்ளே ஒரே ஒரு தாள்.

'பாடம்: பொறுமை. நான் இன்னும் சாகவில்லை. மேஜை இழுப்பறையில் பசை இருக்கிறது. ஒழுங்காக ஒட்டி, எடுத்த இடத்திலேயே வைக்கவும்.'

தங்கை இழுப்பறையைத் திறந்தாள். பசை ட்யூப் அடிவரை பிழியப்பட்டுத் தட்டையாகக் கிடந்தது.

"அண்ணா, காலி!"

பக்கத்து அறையில் குறட்டை நின்றது.

"நேத்துதான் உங்கப்பன் தீர்த்தான்," என்றது தாத்தாவின் குரல். "அவனையே புதுசு வாங்கிட்டு வரச் சொல்லுங்க."