மீந்த சாப்பாடு

“ராத்திரிச் சாப்பாட்டை வெட்டுங்க. பணத்தைத் திருப்பிக் கொடுங்க. நான் போயிட்டே இருக்கேன்.”

காலேஜ் மெஸ் மேனேஜரின் மேஜைமேல் பம்ப்காரர் ஒரு விண்ணப்பத்தை வைத்தார். வைத்தார் என்ன, அடித்தார். பேனா உருண்டு கீழே விழுந்தது.

காலேஜின் தண்ணீர்த் தொட்டிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்தால் பத்து மணிவரை பம்ப் ரூம். மகள் அதே காலேஜில் படிக்கிறாள். ஹாஸ்டல்.

“யாரோட சாப்பாட்டை அண்ணே?”

“என் மகளோடதுதான். மூணு வேளைக்கும் சேர்த்து வருஷத்துக்குக் கட்டியிருக்கா. எல்லாம் டியூஷன் காசு. விடிஞ்சதும் நாலு வீட்டுப் படி ஏறி இறங்கிச் சம்பாதிச்சது.”

“லாபமான பிளான்தான் அண்ணே. வெளியே சாப்பிட்டா இதைவிட ஆகும்.”

“சாப்பிட்டா லாபம். சாப்பிடலையே! மூணு நாளா பார்க்கறேன். ஏழரை மணிக்கு லைப்ரரிப் படியில உட்கார்ந்து பன்னைக் கடிச்சுக்கிட்டு இருக்கா. ‘மெஸ்ல சாப்பிட்டாச்சா’ன்னா ‘ஆச்சுப்பா’ங்கறா. என்கிட்டயே கதை விடறா.”

“படிக்கற பொண்ணு. ரெண்டு நாள் பசிச்சிருக்காது.”

“ரெண்டு நாளா, இருநூறு நாளா? கம்ப்யூட்டரைப் பாருங்க.”

“அவங்க கையெழுத்து இல்லாம...”

“அட்மிஷனுக்கு அப்பன் கையெழுத்து செல்லும், சாப்பாட்டுக்குச் செல்லாதா? பாருங்க சார். நான் நிக்கறேன்.”

நின்றார். பின்னால் வரிசை நீண்டது. அவர் அசையவில்லை.

மேனேஜர் கம்ப்யூட்டரைத் தட்டினார். பார்த்தார். திரையைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

“இந்த வருஷம் எத்தனை ராத்திரி இங்கே சாப்பிட்டிருக்கா?”

“ஒண்ணு... ஒண்ணும் இல்லண்ணே.”

“பார்த்தீங்களா! அப்பன் பைப்போட மல்லுக்கட்டறான். இவ காசைத் தண்ணியா இறைக்கறா. திமிர்!”

“சாப்பாடு பிடிக்கலையோ என்னவோ.”

“சாப்பாட்டுக்கு என்ன குறைச்சல்? வருஷ ஆரம்பத்துல வெறும் வயித்தோட ஏணியிலேர்ந்து மயங்கி விழுந்தேனே, அதுலேர்ந்து தினம் ஒரு தட்டு அனுப்பறீங்க, மீந்துபோச்சுன்னு. மீந்ததே அவ்வளவு ருசியா இருக்கு. இதை விட்டுட்டு மகாராணிக்குப் பன் கேக்குதோ?”

“வேண்டாம் அண்ணே. இதை இப்படியே விட்டுடுங்க.”

“விட முடியாது. வெட்டுங்க.”

“வெட்டினா கஷ்டம்.”

“யாருக்கு?”

மேனேஜர் இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். மகளின் கையெழுத்து. ஏணியிலிருந்து விழுந்ததற்கு மறுநாள் தேதி.

‘என் ராத்திரித் தட்டை தினமும் பம்ப் ரூமுக்கு அனுப்பவும். மீந்தது என்று சொல்லவும். காசு கொடுத்தது என்று தெரிந்தால் அப்பா தொடமாட்டார்.’

“ஒரு மெஸ் கார்டுக்கு ராத்திரி ஒரு தட்டுதாண்ணே. நானும் எவ்வளவோ சொன்னேன். உங்க பொண்ணாச்சே, கேட்டாத்தானே?”

பம்ப்காரர் சீட்டை இரண்டு தடவை படித்தார். திருப்பிக் கொடுத்தார். மேஜைமேல் இருந்த விண்ணப்பத்தை எடுத்து எட்டாக மடித்துச் சட்டைப்பையில் திணித்தார்.

போகவில்லை.

“இன்னொரு ராத்திரித் தட்டு மாசத்துக்கு என்ன ஆகும்?”

மேனேஜர் சொன்னார்.

“என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க. இன்னைக்கே ஆரம்பிங்க. அவளுக்கு.”

“ஏதுன்னு அவங்க கேட்டா?”

“மீந்துபோச்சுன்னு சொல்லுங்க. உங்களுக்குத்தான் அந்தப் பொய் நல்லா வருதே.”