மூன்று மூன்றாகப் பொத்தான்கள்

என்றைக்கோ செத்துப்போன வெள்ளைக்காரச் சிப்பாயின் சட்டைப் பொத்தானைப் பற்றி ஒரு மனுஷன் பதினோரு பக்கம் எழுதுவானா?

எழுதியிருக்கிறானே! அதையும் நான் வாய் வலிக்க வாசிக்க வேண்டியிருக்கிறதே!

நான் வாசிப்பதைக் கேட்க வேண்டியவர் என் கணவர். ஜன்னலோர நாற்காலியில், மடியில் துண்டோடு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. கால் தேறிவிட்டது, கை பரவாயில்லை. பேச்சுதான் வரவில்லை.

"அவருக்குப் பிடிச்சதை வாசிச்சுக் காட்டுங்கம்மா" என்று பேச்சுப் பயிற்சி தர வருகிற பெண் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவளுக்கென்ன! இவருக்குப் பிடித்தது சினிமாவா, கிரிக்கெட்டா? பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ராணுவத்தைப் பற்றி மூன்று மாதத்துக்கு ஒரு முறை தபாலில் வருகிற பத்திரிகை. உலகம் முழுக்கத் தேடினாலும் நானூறு பேர் படித்தால் அதிகம். அதில் ஒருவர் என் தலையில் வந்து விடிந்தார்.

ஆயுள் முழுக்கத் தணிக்கை அலுவலகத்தில் இருந்தவர். அடுத்தவர் தப்பைத் திருத்தாவிட்டால் சோறு இறங்காது. கல்யாணமான புதிதில் நான் கண்ட கனவைச் சொன்னால், அதைக்கூடத் திருத்தியவர்.

அதனால்தான் புதிதாக வந்த இதழின் முதல் மூன்று கட்டுரைகளையும் வேண்டுமென்றே தப்பாக வாசித்தேன். குதிரைப்படையைப் படகில் துடுப்புப் போட வைத்தேன். சண்டை தொடங்கும் முன்பே ஜெனரலைச் சாகடித்தேன். ஜெயித்தவர்களைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பினேன்.

ம்ஹூம். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமாகவும் இருந்தது. இனி இந்த வீட்டில் என் குரல் மட்டும்தானா? "கொஞ்சம் வாயை மூடுங்களேன்" என்று முப்பது வருஷமாகக் கத்தியவள் நான். அது இப்படியா பலிக்க வேண்டும்?

மிச்சம் இருந்தது அந்தப் பொத்தான் கட்டுரைதான். அதில் மட்டும் விளையாட மனம் வரவில்லை. எப்படியோ தொலையட்டும் என்று அச்சில் இருந்ததை இருந்தபடியே வாசித்தேன். அந்தப் படைப்பிரிவின் கோட்டுகளில் பொத்தான்கள் மூன்று மூன்றாகத் தைக்கப்பட்டிருந்தன...

"த... தப்பு."

நிமிர்ந்தேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை, என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

என்ன அநியாயம்! அன்றைக்கு நான் ஒழுங்காக வாசித்த ஒரே கட்டுரை அது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். மூன்று மூன்றாக என்றுதான் இருந்தது.

"அப்படித்தாங்க போட்டிருக்கு!" என்று பக்கத்தை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

அவர் பின்பக்கமாகப் புரட்டினார். கட்டுரையின் முதல் பக்கம் வந்ததும் நிறுத்தினார். தலைப்புக்குக் கீழே இருந்த பெயரில் விரலை வைத்தார்.

அவருடைய பெயர்.

"ரெண்டு... ரெண்டா. டைப்... அடிச்சது... யாரு?"

பக்கவாதத்தில் விழுவதற்கு முந்தின வாரம் கையால் எழுதி முடித்திருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, கண்ணீரும் கம்பலையுமாக, அந்தக் கோழிக் கிறுக்கலை டைப் அடித்து அனுப்பியது நான்தான். அவர் சரிபார்க்காமல் அச்சேறிய ஒரே கட்டுரை அது.

"நான்தாங்க" என்றேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "திட்டுங்க. நல்லா திட்டுங்க."